ஏட்டில் இல்லாத நரம்பு

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பர் நம் முன்னோர். அச்சிரசைச் சுமந்து நிற்கும் கழுத்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேசினாரில்லை. மாலை சூடுவதற்கும், தாலி ஏறுவதற்கும், கடன்காரன் வந்தால் நெரிபடுவதற்கும் அமைந்த ஓர் இடம் என்ற அளவிலேயே கழுத்தை உலகம் மதித்து வருகின்றது. நாமும் நாற்பத்தைந்து ஆண்டுக்காலம் அவ்வாறே மதித்திருந்தோம். அதன் உள்ளே என்ன இருக்கின்றது, எது எவ்வழியாகப் போகின்றது என்பதை மாணவர்க்குப் படம் கீறிக் காட்டிச் சம்பளம் பெற்றவர் நாம் என்பது உண்மையே. ஆனால் அது புத்தகத்துக் கழுத்து. நம் சொந்தக் கழுத்து அன்று.

நாம் எனப் பன்மையில் எழுதினாலும் கழுத்து ஒன்றுதான். அந்த ஒரு கழுத்து நமக்குக் கற்பித்த பாடத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேநீரோடு வந்த செய்தி

2024 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாட் காலை. பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில் நின்ற நிலையிலே தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். எதிரே நின்ற நம் இல்லாள் நம்மை உற்றுப் பார்த்தவாறே, "இஞ்சருங்கோ, தேத்தண்ணி விழுங்கேக்கை உங்கடை கழுத்திலை ஒண்டு மேலையும் கீழையும் ஓடுது," என்றார்.

கண்ணாடி முன் நின்று ஒரு மிடறு விழுங்கினோம். கழுத்தின் வலப்புறத்தில், பாக்களவில் ஒரு புடைப்பு மேலேறிப் பின் இறங்கிற்று. விழுங்கும்போது ஏறி இறங்கும் புடைப்பு தைரொயிட்டுச் சுரப்பியைச் சார்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அச்சுரப்பி குரல்வளையோடும் வாதனாளியோடும் பிணைந்திருப்பதால், அவை எழும்போது தானும் எழும். இதனை வகுப்பிலே எத்தனையோ முறை சொல்லியிருக்கின்றோம். எனினும் நம் கழுத்தில் அதனைக் கண்டபோது, "வயது போனால் இப்படித்தான்," என்று இல்லாளுக்குச் சமாதானம் கூறிப் பஸ் பிடிக்க ஓடினோம். பிறர் உடம்பிற்கு அறிவியலும் தம் உடம்பிற்குச் சாக்குப்போக்கும் சொல்லுவது ஆசிரியர்களுக்குப் புதிதன்று.

இல்லாள் விடவில்லை. வைத்தியசாலைக்குச் சென்றோம். ஒலியலை கொண்டு படம் பிடித்தார்கள். மெல்லிய ஊசியால் சில கலங்களை எடுத்துப் பார்த்தார்கள். நல்லது எனவும் சொல்ல முடியவில்லை, கெட்டது எனவும் சொல்ல முடியவில்லை. ஆதலால் சுரப்பியின் வலப் பாதியை அகற்றிப் பரிசோதிப்பதே தக்கது என்று சத்திரசிகிச்சை நிபுணர் கூறினார். அவர் நம்மிலும் சில வயது இளையவர்; குறைவாகப் பேசுபவர்.

"டொக்டர், ஆபத்து ஏதும் உண்டோ?" என்று வினவினோம்.

"பெரிசா இல்லை, மாஸ்டர். குரலுக்குப் போற நரம்பு ஒண்டு கிட்டடியாலை போகுது. அதைக் கவனமாப் பாத்துத்தான் செய்வம். சில பேருக்குக் குரல் அடைக்கிறது உண்டு. சொல்லாமல் இருக்கக் கூடாது, அதாலை சொல்லுறன்."

வீடு திரும்பும் வழி முழுவதும் அந்தச் சில பேரைப் பற்றியே எண்ணிக்கொண்டு வந்தோம். தச்சனுக்குக் கை, தபாற்காரனுக்குக் கால், வாத்தியாருக்குக் குரல். கிழமைக்கு முப்பது பாடவேளை, இருபது ஆண்டுகளாக, மின்விசிறியின் இரைச்சலையும் பக்கத்து வகுப்பின் ஆரவாரத்தையும் மேவிப் பேசிய குரல் அது. அக்குரலை எடுத்துவிட்டால் நம்மிடம் எஞ்சுவது ஒரு சோக்குக்கட்டியும் வருகைப் பதிவேடுமே.

சுற்றுவழி செல்லும் நரம்பு

சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு உறக்கம் வரவில்லை. பல்கலைக்கழக நாட்களில் வாங்கிய பழைய உடற்கூற்றியல் நூலை எடுத்துத் தூசி தட்டினோம். அதில் அந்த நரம்பு தெளிவாகக் கீறப்பட்டிருந்தது.

அந்நரம்பின் பயணம் விசித்திரமானது. மூளையிலிருந்து இறங்கும் அலையும் நரம்பின் கிளை அது. அது சேர வேண்டிய இடம் குரல்வளை. குரல்வளையோ கழுத்திலே, வழியிலேயே இருக்கின்றது. ஆயினும் நரம்பு அங்கே நில்லாமல் குரல்வளையைக் கடந்து கீழே இறங்குகின்றது. இடப்புறத்தில் நெஞ்சினுள் புகுந்து பெருநாடியின் வளைவைச் சுற்றுகின்றது. வலப்புறத்தில் வலக்கைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடியைச் சுற்றுகின்றது. சுற்றிய பின் வாதனாளிக்கும் களத்திற்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியே மேலேறிக் குரல்வளையை அடைகின்றது. பருத்தித்துறையில் பஸ் ஏறி நெல்லியடியில் இறங்க வேண்டிய ஒருவர், நெல்லியடியைக் கடந்து யாழ்ப்பாணம் வரை சென்று, பஸ் நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறு பஸ்ஸிலே நெல்லியடிக்குத் திரும்பி வருவதற்கு இது ஒப்பாகும். ஒட்டகச்சிவிங்கியிலும் இந்நரம்பு இவ்வாறே போய் வருகின்றது. தலைக்கு அருகிலுள்ள குரல்வளையை அடைவதற்காக நெடுங்கழுத்து முழுவதும் இறங்கிப் பின் ஏறுகின்றது.

இதற்குக் காரணம் கருப்பையிலே கிடக்கின்றது. முளையப் பருவத்தின் தொடக்கத்தில் கழுத்து என ஒன்று தனியே இல்லை. இருதயம் தலைக்கு அண்மையிலேயே இருக்கும். இருதயத்திலிருந்து எழும் நாடி வளைவுகளின் கீழாக அந்நரம்பு நேரே குரல்வளைக்குச் செல்லும். பின்னர்க் கழுத்து நீள, இருதயம் நெஞ்சுக்குள் இறங்குகின்றது. இறங்கும் நாடிகள் நரம்பையும் கொக்கியிட்டு இழுப்பது போலக் கீழே இழுத்துச் சென்றுவிடுகின்றன.

இந்நரம்பின் ஆற்றலை முதலில் உலகறியச் செய்தவர் இரண்டாம் நூற்றாண்டில் உரோம நகரில் வாழ்ந்த கலன் என்னும் கிரேக்க வைத்தியர். கத்துகின்ற பன்றியொன்றின் கழுத்தில் இந்நரம்புகளை நூலாற் கட்டினார். பன்றி வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. கட்டை அவிழ்த்ததும் மீண்டும் கத்திற்று. குரல் இருதயத்திலிருந்து எழுவது எனப் பலர் நம்பிய காலத்தில், அது மூளையின் ஆட்சிக்கு உட்பட்டது என்பதை இவ்வாறு அவர் சபையோர் முன் காட்டினார்.

அந்த இரவிலே அப்பன்றியின் மேல் நமக்கு மிகுந்த அனுதாபம் உண்டாயிற்று.

போதாக்குறைக்கு இத்தாலியப் பாடகி அமெலிட்டா கல்லி கூர்ச்சியின் கதையும் நினைவுக்கு வந்தது. உச்சத்தாயிக்குப் பெயர் பெற்ற அவ்வம்மையாருக்கு 1935 ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் கண்டக்கழலை அகற்றப்பட்டது. அதன்பின் அவரது உச்சக்குரல் திரும்பவில்லை என்றும், குரல் நாண்களை இழுத்து இறுக்கும் தசைக்குச் செல்லும் வேறொரு மெல்லிய நரம்பு பழுதுற்றதே காரணம் என்றும் நெடுங்காலம் பேசப்பட்டது. சத்திரசிகிச்சை மாணவருக்கு எச்சரிக்கையாகவும் இக்கதை சொல்லப்பட்டது. 2001 ஆம் ஆண்டில் பழைய பதிவுகளை ஆராய்ந்த வைத்தியர்கள், அவர் குரல் அதற்கு முன்னரே தளரத் தொடங்கிவிட்டது, நரம்பின்மேல் பழி சுமத்தப் போதிய சான்று இல்லை என்று எழுதினர். இரவு இரண்டு மணிக்கு மனம் முதற் பாதியைத்தான் நினைக்கும். இரண்டாம் பாதியை நினைக்காது.

மயங்கிக் கிடந்த வேளையில்

சத்திரசிகிச்சை ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும் என்றார்கள். இரண்டேகால் மணித்தியாலம் சென்றதாக வெளியே காத்திருந்த இல்லாள் பின்னர்க் கூறினார். அந்த முக்கால் மணித்தியாலம் அவருக்கு எப்படிக் கழிந்தது என்பதை நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கண் விழித்தபோது தொண்டை கரகரத்தது. நிபுணர் கட்டிலருகே வந்து குனிந்தார். "மாஸ்டர், ஒருக்கால் கதையுங்கோ பாப்பம்."

என்ன பேசுவது என்று தெரியவில்லை. இருபது ஆண்டுப் பழக்கம் நாவில் வந்து நின்றது. "எல்லாரும் இருங்கோ," என்றோம். குரல் கம்மியிருந்தது. எனினும் அது குரல்தான். அருகில் நின்ற தாதி சிரித்துவிட்டார். நிபுணர் சிரிக்கவில்லை, நெடுமூச்சொன்று விட்டதை மட்டும் கண்டோம்.

மறுநாட் காலை அவர் தனியே வந்தார். குறிப்பட்டையின் பின்புறத்தில் பேனையாற் படம் கீறியவாறே கூறினார்: "உங்களுக்குப் புத்தகத்திலை இருக்கிற மாதிரி இல்லை, மாஸ்டர். வலப்பக்க நரம்பு கீழை போகேல்லை. மேலையிருந்து நேரை குறுக்காலை வந்து குரல்வளைக்குள்ளை போகுது."

நெல்லியடிக்குப் போக வேண்டியவர் நெல்லியடியிலேயே இறங்கிவிட்டார் என்பதுதான் இதன் பொருள்.

நடந்ததை அவர் வாய்மொழியால் அறிந்தோம். வழமைபோல் வாதனாளியை அடுத்த பள்ளத்திலே, நரம்பு கீழிருந்து ஏறிவரும் இடத்தில் அவர் தேடினார். அங்கே இல்லை. சற்று மேலே தேடினார். அங்கும் இல்லை. சுரப்பிக்கு வரும் சிறு நாடியும் அதிலிருந்து போகும் நாளமும் குறுக்காகக் கிடந்தன. அவற்றைக் கட்டி வெட்டினாலன்றிச் சுரப்பியை எடுக்க முடியாது. அவற்றின் அருகே இன்னும் ஒரு வெண்ணிற இழை குறுக்காகக் கிடந்தது. கீழிருந்து மேலே வர வேண்டிய நரம்பு பக்கத்திலிருந்து குறுக்கே வரும் என்று எவர் எதிர்பார்ப்பார்? அதனையும் ஒரு குருதிக்குழாய் என்று எண்ணிக் கட்டிவிடுவது மிக எளிது.

"அப்ப என்ன செய்தீங்கள், டொக்டர்?"

"கையை எடுத்திட்டன், மாஸ்டர். நரம்பைக் காணேல்லை எண்டா ஒண்டையும் வெட்டக் கூடாது. அவ்வளவுதான். ஆறுதலா அந்த இழையை இரண்டு பக்கமும் தொடர்ந்து பாத்தன். ஒரு நுனி அலையும் நரம்பிலை போய்ச் சேந்துது, மற்றது குரல்வளைக்குள்ளை போச்சுது. பிறகுதான் வேலையைத் தொடங்கினன்."

முக்கால் மணித்தியாலம் அவ்வாறு சென்றது. நம் குரல் அந்த முக்கால் மணித்தியாலத்தின் கொடை.

இயற்கையின் விளையாட்டு

வீட்டில் ஓய்ந்திருந்த இரண்டு கிழமையும் இதனைப் பற்றியே படித்தோம். நம் கழுத்து உலக அதிசயம் அன்று எனத் தெரிந்தபோது சற்று ஏமாற்றமும் உண்டாயிற்று. இத்தகைய நேர்வழி நரம்பு வலப்புறத்தில் நூற்றுக்கு ஒருவருக்கு, அல்லது அதனிலும் சற்றுக் குறைந்த தொகையினருக்கு, இருக்கின்றதாம். இதனை 1823 ஆம் ஆண்டிலேயே ஸ்டெட்மன் என்பவர் எடின்பரோவில் வெளியான வைத்திய இதழொன்றில் விவரித்திருக்கின்றார். இடப்புறத்தில் இது மிக மிக அரிது. உள்ளுறுப்புக்கள் இடம் வலமாக மாறி அமைந்தோரிடமே பெரும்பாலும் காணப்படுவது.

காரணமும் விளங்கிற்று. முளையப் பருவத்தில் வலப்புறத்து நாடி வளைவொன்று மறைந்துவிட்டால், நரம்பைக் கொக்கியிட்டுக் கீழே இழுப்பதற்கு அங்கே எதுவும் இராது. நரம்பு நேரே சென்றுவிடும். வலக்கைக்குக் குருதி வேண்டுமே? அதற்கு உடல் வேறு வழி காண்கின்றது. பெருநாடியின் இடப்புறத்திலிருந்து ஒரு நாடி எழுந்து, பெரும்பாலும் களத்தின் பின்புறமாகக் குறுக்கே வந்து, வலக்கையை அடைகின்றது. பின்னர் எடுத்த ஸ்கான் படத்தில் நமக்கும் அவ்வாறே இருக்கக் கண்டார்கள். முன்னரே அப்படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் வெறும் சுரப்பிப் புடைப்புக்கு அது வழமையாக எடுக்கப்படுவதில்லை.

அந்த நாடியின் கதை நரம்பின் கதையிலும் பழையது. பல்லாண்டுகள் உணவு விழுங்க மாட்டாமல் வருந்தி இறந்த ஒரு பெண்மணியின் உடலில், இந்நாடி களத்தை நெரித்துக்கொண்டு செல்லக் கண்டதை டேவிட் பேஃபோர்ட் என்னும் ஆங்கில வைத்தியர் 1794 ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். அந்நோய்க்கு இலத்தீன் மொழியில் இயற்கையின் விளையாட்டு என்னும் பொருள்படப் பெயரும் இட்டார். இந்நாடி உள்ளவர்களுள் மிகப் பலர் எவ்வித துன்பமும் அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். நாம் சிறுவயதில் சோறு உண்ண நெடுநேரம் எடுத்ததற்காக ஆச்சியிடம் வாங்கிய ஏச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆயினும் இல்லாளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கின்றோம்.

நரம்பாவது நூற்றில் ஒருவருக்கு மாறுகின்றது. நாளங்களோ ஆளுக்கு ஆள் மாறுகின்றன. திருவிழாவில் நாதஸ்வர வித்துவான் தம் கட்டி வாசிக்கும்போது, கழுத்தின் இருமருங்கும் கயிறு போலப் புடைத்தெழும் நாளங்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அடுத்த முறை நன்கு பாருங்கள். ஒருவருக்கு அது தடித்திருக்கும், இன்னொருவருக்கு மெலிந்திருக்கும், ஒரே மனிதரிலும் வலமும் இடமும் ஒத்திருப்பதில்லை. உள்ளே ஆழத்தில் மூளையின் குருதியை இறக்கிவரும் உட்கழுத்து நாளமும் பெரும்பாலானோரில் வலப்புறத்தில் பெரிது. முளையத்திலே நாளங்கள் முதலில் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. குருதி மிகுதியாக ஓடும் வழிகள் தடித்து நிலைக்கின்றன. மற்றவை வற்றி மறைகின்றன. மாரிகாலத்து வெள்ளம் வெறுவளவில் வழி தேடி ஓடுவது போன்றது அது. இந்த ஆண்டு ஓடிய தடத்திலேதான் அடுத்த வளவிலும் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இவ்வாறு மாறும் நாளமும் அயலிலுள்ள நரம்பும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களே சத்திரசிகிச்சையாளருக்குச் சோதனை. தோளை உயர்த்தும் தசைக்குச் செல்லும் துணை நரம்பு, கழுத்தின் மேற்பகுதியில் உட்கழுத்து நாளத்தின் முன்னாற் செல்வதே பெருவழக்கு. சிலருக்கு அது பின்னாற் செல்லும். மிகச் சிலருக்கு நாளமே இரண்டாகப் பிளந்து, ஊசிக்கண்ணில் நூல் போல நரம்பு அதன் நடுவே புகுந்து செல்லும். கீழே சென்று நாளம் மீண்டும் ஒன்றாகும். முன்னால் இருக்கும் என்று நம்பி நாளத்தின் பின்னாலே கத்தியைச் செலுத்தினால் என்ன ஆகும்? நரம்பு அறுந்தவர் கையைத் தோளுக்கு மேலே உயர்த்த இடர்ப்படுவார். கரும்பலகையின் முதல் வரியில் எழுதுவதும் அவருக்கு அரிதாகும்.

கண்டக்கழலைச் சிகிச்சையின் வரலாறும் இவ்வகையில் ஒரு பாடமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குருதிப் பெருக்குக்கும் புண் சீழ்ப்பிடிப்பதற்கும் அஞ்சிப் பலர் இச்சுரப்பியைத் தொடவே மறுத்தனர். சுவிற்சலாந்தின் பேண் நகரத்துத் தியோடர் கொக்கர் நிதானமும் துப்புரவும் கொண்டு ஆயிரக்கணக்கானோருக்கு இச்சிகிச்சையைச் செய்து, இறப்பை நூற்றுக்கு ஒன்றிற்கும் கீழே கொண்டுவந்தார். 1909 ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். எனினும் நரம்பைத் தேடாது விலகி நிற்பதே அதற்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் பலரிடம் நிலவிற்று. பொஸ்டன் நகரத்து பிராங் லாகி 1938 ஆம் ஆண்டு இதனை மறுத்து எழுதினார். ஒவ்வொரு நோயாளியிலும் நரம்பைத் தேடிக் கண்டு, கண்ணாற் பார்த்த பின்னரே அறுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இன்று சில வைத்தியசாலைகளில் சுவாசக் குழாயில் மின்வாய்கள் பொருத்தி, நரம்பைத் தொட்டவுடன் அறிவிக்கும் கருவியும் உண்டு. கருவி வந்த பின்னும் கண்ணாற் காணும் விதி மாறவில்லை.

சிவப்பு மையின் நினைவு

இவ்வளவையும் படித்து முடித்த ஒரு பிற்பகலில்தான் அந்தப் பையனின் முகம் நம் நினைவில் வந்து நின்றது.

2011 ஆம் ஆண்டு அது. பாடத்திட்டம் கேட்டாலும் கேளாவிட்டாலும் வருடத்தில் ஒரு நாள் எலியொன்றை அறுத்துக் காட்டுவது நம் வழக்கம். கழுத்து நாளங்களைப் பார்த்துக் கீறுமாறு மாணவரைப் பணித்தோம். ஒருவன் கீறிய படத்தில், இடப்புறத்தில் மேலேயே ஒன்றாகக் கூட வேண்டிய இரண்டு நாளங்கள் காரை என்பு வரைக்கும் தனித்தனியே சென்றன. சிவப்பு மையால் ஒரு பெரிய புள்ளடி இட்டோம். "பிழை. புத்தகத்தைப் பார்க்க," என்று கீழே எழுதினோம். பத்துக்கு மூன்று புள்ளி.

அவன் கொப்பியோடு மேசைக்கு வந்தான். "கண்டதைத்தான் சேர் கீறினனான்," என்றான்.

"நீ கண்டது எலியையோ, எலியின்ரை நிழலையோ?" என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. நம் நகைச்சுவையில் நமக்கும் மகிழ்ச்சியே. எலி இன்னும் அந்தத் தட்டிலேயே கிடந்தது. மேசையிலிருந்து அதற்கு நாலு எட்டு. நாம் எழுந்து சென்று பார்க்கவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மாணவருக்கு ஆண்டுதோறும் உபதேசித்தவர் நாம். அன்று ஏட்டை நீட்டிச் சுரைக்காயைப் பிழை என்றோம். நம் கழுத்தைத் திறந்தவரும் அவ்வாறே எண்ணியிருந்தால், ஏட்டிலே இல்லாத வெண்ணிழையை நரம்பு அன்று என்று தள்ளியிருந்தால், இன்று நாம் வகுப்பிலே சைகை காட்டிக்கொண்டிருப்போம்.

பழைய மாணவர் சிலரைக் கேட்டு அவனுடைய தொலைபேசி இலக்கத்தைப் பெற்றோம். கிளிநொச்சிப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கின்றான். இப்போது அவன் என்று எழுதுவதும் முறையன்று. இரு பிள்ளைகளின் தந்தை. நம்முடைய பெயரைச் சொன்னதும், "சேரோ! என்ன குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று பதறினார். கதையைச் சொன்னோம். பிறகு எலியைப் பற்றிக் கேட்டோம். மறந்திருப்பார் என்பது நம் எண்ணம். மறந்திருக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

"ஞாபகம் இருக்கு சேர்," என்றார் சிரித்துக்கொண்டே. "அதுக்குப் பிறகு நான் ஒண்டையும் பாத்துக் கீறேல்லை. புத்தகத்தைப் பாத்துத்தான் கீறினனான். முழுப் புள்ளியும் போட்டனீங்கள்."

குறை கூறும் தொனி அதில் சற்றும் இல்லை. அதுவே நம்மை வருத்திற்று. மன்னிப்புக் கேட்கும் சொற்கள் வாயில் வந்தும் குரல் அடைத்துக்கொண்டது. அதற்கு நரம்பு காரணம் அன்று. "அந்தப் படம் சரியாய்த்தான் இருந்திருக்கும், தம்பி. நான்தான் எழும்பி வந்து பாக்கேல்லை," என்று ஒருவாறு சொல்லி முடித்தோம். மறுமுனையில் சற்று நேரம் ஓசை இல்லை. பின்னர், "சேர் கனக்கக் கதைக்காதேங்கோ, தொண்டை நோகும்," என்றார்.

மீண்டும் வகுப்பறையில்

அகற்றிய சுரப்பிப் பாதியில் அஞ்சத்தக்கது எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. குரலும் ஒரு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பிற்று. பக்கத்து வகுப்பாசிரியர், "மாஸ்டர் வந்திட்டார் எண்டு சுவரே சொல்லுது," என்று குறைப்பட்டுக்கொண்டார்.

செய்முறைக் கொப்பியில் இப்போது ஒரு சிறு மாற்றம் செய்திருக்கின்றோம். படத்தின் கீழே, "புத்தகத்திலிருந்து வேறுபடக் கண்டவை" என ஒரு தலைப்பிட்டு நாலு வரி இடம் விடுமாறு பணித்திருக்கின்றோம். பரீட்சைக்கு அதனால் ஒரு புள்ளியும் கிடையாது என்பதையும் மாணவருக்கு ஒளிக்காமற் சொல்லியிருக்கின்றோம். புத்தகத்தைப் படியாதவனுக்கு எது வேறுபாடு என்பதும் தெரியாது. ஆதலால் புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் நிபுணர் நரம்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை நன்கு படித்திருந்தபடியால்தான், அது அங்கே இல்லை என்பது அவரைத் திடுக்கிட வைத்தது.

இவ்வாண்டு எலியை அறுத்த அன்று, பின்வரிசை மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். "சேர், இஞ்சை நாளம் ஒண்டு கூடக் கிடக்கு."

எழுந்து சென்றோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தோம். ஊசிமுனையால் அந்த இழையை மேலும் கீழும் தொடர்ந்து பார்த்தோம். வகுப்பு முழுவதும் சுற்றி நின்று தலையை நீட்டிற்று. கால் மணித்தியாலம் சென்றது, மணியும் அடித்துவிட்டது. இறுதியில் அது நாளம் அன்று, வெறும் கொழுப்பு இழை என்று தெரிந்தது.

பையனுக்கு முகம் வாடிப்போயிற்று. "பரவாயில்லை, கண்டதை எழுது, பிறகு தொடர்ந்து பாத்ததையும் எழுது," என்றோம். எழுதினான்.